திலாவா காண்ட்ராக்டருக்கு சாப்பாடு சப்ளை, எறங்கலாமா?

பலாத்தா கடை:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பர்மால ரங்கூன் பக்கத்துல தன்லின்ல பலாத்தா (பரோட்டா) கடை, அப்பா காலத்துலேந்து நடக்குது. 2015ல பக்கத்துல திலாவா ஜோன், அதான் ஃபாக்டரிங்களுக்கான சிறப்பு பொருளாதார மண்டலம், தொறந்தப்ப ஜப்பான்காரன் வந்துட்டான் இனி யாவாரம் பிச்சிக்கும்னு கடன் வாங்கி ஆறு மேஜ கூட போட்டோம், ஆனா லேபர் எல்லாம் ஃபெர்ரி கார்ல (வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டி) ஏறுனா நேரா கேட்டுக்குள்ளதான் எறங்குறாங்க, சாயங்காலமும் அதே கத, நம்ம வாசல்ல தூசிதான் மிச்சம். இப்ப ஒரு காண்ட்ராக்டர் தெனம் 200 சாப்பாடு கேக்குறாரு, பணம் 60 நாள் கழிச்சுதானாம். எறங்கலாமா?

ஹார்ட்வேர் அக்கா:
வேணாம் தம்பி. கட்டட வேல நடந்தப்ப நான் ஆணி, பெயிண்ட், பைப்பு எல்லாம் குடுத்தேன். காண்ட்ராக்டருக்கு கீழ ஒரு காண்ட்ராக்டர், அவனுக்கு கீழ நான். பில்லு பாஸாகி கைக்கு வர்றதுக்குள்ள டாலர் ஏறிப்போச்சு, அதே சரக்க திரும்ப எடுக்க வளையல அடகு வச்சேன். எண்ணெய் வெல வாரத்துக்கு ஒண்ணு, நீ ரெண்டு மாசத்துக்கு ஒரே ரேட்டு எழுதிக் குடுத்தா அப்பறம் அழ வேண்டியதுதான்.

ரங்கூன் தம்பி:
ஜோனே நம்மளுது இல்லங்குற மாதிரி பேசாதீங்க, ஜோன கட்டுன கம்பெனில ஆரம்பிக்கும்போது ஜப்பான் பக்கம் 49 சதவீதம், மிச்சம் 51ல அரசாங்கம் 10, நம்ம ஊர் பப்ளிக் கம்பெனி 41. 2014ல அந்த பப்ளிக் கம்பெனி ஷேரு 10,000 சாட்டுனு (பர்மா காசு) வித்தப்ப எங்க மாமாவும் வாங்குனாரு. “நானும் ஒரு ஓனரு, வாட்ச்மேன்தான் உள்ள விட மாட்டேங்குறான்”னு இன்னிக்கும் சொல்லி சிரிப்பாரு. அது சரி, ஜோனுக்காக 2013லயே வயல விட்டு நகந்த 68 குடும்பத்துக்கு இந்த சிரிப்பெல்லாம் வராது.

ஜோன் லேபர்:
நான் உள்ள வேல பாக்குறவன். அண்ணே, ஃபெர்ரி உங்க கடைக்கு வராது, அது நிக்கிற முக்குக்கு நீங்க போங்க. காலைல அஞ்சர மணிக்கு பத்து நிமிஷம் எல்லாரும் பசியோட நிக்கிறோம். பலாத்தாவும் வேகவச்ச பட்டாணியும் பொட்டலமா கட்டி வந்தா கைல காசு. மாசக்கடைசில மட்டும் கடன் கேப்போம், சம்பளத்தன்னிக்கு வந்து நில்லுங்க, குடுத்துருவோம் 😄

பலாத்தா கடை:
இது சரியா படுது. காண்ட்ராக்டர்கிட்ட வாரா வாரம் காசு தந்தா 50 சாப்பாடு, இல்லன்னா விட்ருங்கனு சொல்லிட்டேன், பதிலே காணோம். திங்கக்கெழம 40 பொட்டலத்தோட முக்குல நிக்கப்போறேன், மூணு மணிக்கு மாவு பிசைய மாட்டேன்னு தங்கச்சி இப்பவே சண்ட.