பல் வேரில் சீழ்: கஞ்சா எண்ணெய் கேட்குமா?

நாகலூர் காபித்தோட்டம்:
வணக்கம்ங்க. ஏற்காட்டுப் பக்கம் நாகலூர். அப்பாவுக்குக் கடைவாய்ப்பல்லில் முன்னமே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருக்கிறோம். இப்போது அதன் ஈறில் சின்னக் கொப்புளம். அழுத்தினால் சீழ் வருகிறது, வலி இல்லை. கஞ்சா எண்ணெய் தடவினால் கிருமி செத்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஆராய்ச்சியே இருக்கிறதாம். நிஜமா?

அஸ்தம்பட்டி பல் டாக்டர்:
ஆராய்ச்சி நிஜம்தான் தம்பி. 2008இல் இத்தாலி, பிரிட்டன் ஆய்வாளர்கள் கஞ்சாச் செடியின் ஐந்து சேர்மங்களை எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற முரட்டுக் கிருமிமேல் சோதித்தார்கள், ஐந்துமே அடக்கின. 2020இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சி.பி.ஜி. என்ற போதை தராத சேர்மம் எலிகளிலும் வேலை செய்தது.

இது எங்கள் துறைக்கு முக்கியம். வேர் சிகிச்சை செய்தும் திரும்ப சீழ் வைக்கும் பற்களில் அடிக்கடி கிடைப்பது என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி. வேருக்குள் நாங்கள் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தின் காரத்தன்மையையே தாங்கிக்கொண்டு, பல்லின் நுண்குழாய்களில் படலம் கட்டி உட்கார்ந்திருக்கும். இதை அசைக்கப் புது மருந்து வேண்டும், தேடத்தான் வேண்டும்.

ஆனால் ஈறில் தடவும் எண்ணெய் வேருக்குள் போகாது. அப்பா பல்லின் நரம்பை முன்பே எடுத்தாயிற்று, உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. புகைத்தாலும் அங்கே சேராது, ஈறுதான் கெடும். கஞ்சா வைத்திருப்பது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றமும்கூட. எந்தப் பொருளானாலும் வேரைத் திறந்து உள்ளே வைத்தால்தான் பலன்.

அம்மாபேட்டை அக்கா:
எங்கள் மாமாவுக்கும் இதே கொப்புளம்தான். வலிக்கவில்லையே என்று கிராம்பு எண்ணெயோடு விட்டுவிட்டார். அப்புறம் டாக்டர் கொப்புளத்து ஓட்டை வழியாக ரப்பர் மாதிரி மெல்லிய குச்சியைச் செருகி எக்ஸ்ரே எடுத்தார். குச்சி நேராக வேர் நுனிக்குப் போய் நின்றது, சுற்றிலும் எலும்பு கரைந்து கறுப்பு வட்டம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நாகலூர் காபித்தோட்டம்:
சரிங்க அக்கா. டாக்டர், மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டி பல் டாக்டர்:
வேண்டாம். அந்த மாத்திரையும் ரத்தம் வழியாகத்தானே போக வேண்டும்? சீழ் வெளியே வழிவதால்தான் வலி இல்லை. நோய் அப்படியே இருக்கிறது. இந்த வாரமே மலை இறங்கி வாருங்கள். எக்ஸ்ரே பார்த்து, பழைய அடைப்பை எடுத்துக் கழுவி, மறுபடி வேர் சிகிச்சை செய்ய முடியுமா என்று சொல்லலாம். நடுவில் கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ ராத்திரியானாலும் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.