மக்காச்சோளத்துக்கு யூரியா: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

கே.வி.குப்பம் கொல்லைக்காரன்:
இறவையில், அதாவது பாசனத்தில், மக்காச்சோளம் போட்டவர்கள் யூரியா வைத்த அனுபவத்தை எழுதுங்கள். பரிந்துரையை எல்லோரும் படித்திருக்கிறோம். கழனியில் கண்டதை எழுதினால் போதும். நான் கண்டது இது. பக்கத்துக் கொல்லைக்காரர் காலையில் ஆள் வைத்து, வளர்ந்து நிற்கும் பயிருக்கு மேலுரமாக யூரியாவைத் தூவிவிட்டார். அதை மண்ணுக்குள் இறக்கத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்; அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது மறுநாள் இரவுதான் வந்தது. அதுவரை கொளுத்தும் வெயிலில் யூரியா மண்மேல் கிடந்தது. மண்ணில் உள்ள நொதி யூரியாவை உடைத்தால் அம்மோனியா உண்டாகும். அது மேற்பரப்பிலேயே நடந்தால் காற்றோடு போய்விடும். சூடும் களர்த்தன்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். பத்து நாள் கழித்து எங்கள் இரண்டு கொல்லைப் பயிருக்கும் நிறம் வேறாக இருந்தது. நான் மின்சாரம் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் ஆளுக்குச் சொல்லுவேன். யூரியா வைக்கும் நேரத்தைச் செடி முடிவு செய்வதில்லை; மின்சாரமும் கூலியாளும் உரக்கடையும்தான் முடிவு செய்கின்றன என்பது என் எண்ணம்.

பாலாற்றங்கரை:
கடைசி வரி முழு உண்மை. ஆனால் எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. ஆற்றோர மணற்பாங்கு நிலம். இங்கே யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போவதைவிடத் தண்ணீரோடு கீழே இறங்குவதுதான் அதிகம். நைட்ரேட்டாக மாறிய பிறகு மண் அதைப் பிடித்துவைக்காது. விதைக்கும்போது கால் பங்கு அடியுரம், விதைத்த 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதிக் கால் பங்கு என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்த 25ஆம் நாள் பாதியை நான் இரண்டாகப் பிரித்து, சில நாள் இடைவெளி விட்டு வைக்கிறேன். மொத்த அளவைக் கூட்டவில்லை. கூலி கூடுகிறது, அதை மறைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண் மாதிரி கொடுக்க விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போயிருந்தேன். என்னோடு வந்த உறவுக்காரர் தன் பயிர் வெளுத்திருக்கிறது, இன்னும் ஒரு மூட்டை யூரியா போடலாமா என்று கேட்டார். அங்கிருந்தவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “வெளுப்பு கீழிலையிலா, குருத்திலையிலா?” இவருக்குப் பதில் தெரியவில்லை. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக ‘V’ வடிவில் மஞ்சளாகும். துத்தநாகம் அப்படி எளிதில் நகராது. குறைந்தால் இளம் இலையின் அடிப்பகுதியில் வெளிறிய பட்டை விழும். திரும்பி வந்து பார்த்தால் குருத்துதான் வெளுத்திருந்தது. வேண்டியது துத்தநாக சல்பேட். யூரியா மூட்டை தப்பியது!

கணக்கு வாத்தியார், காட்பாடி:
மூட்டைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) டிஏபி உரம் 65 கிலோ போட்டால் அதிலேயே 12 கிலோ அளவுக்குத் தழைச்சத்து வந்துவிடும். மீதி 88 கிலோவுக்கு யூரியா ஏறக்குறைய 190 கிலோ. இதை மூட்டையாக்கும்போதுதான் குழப்பம். 2018 முதல் மூட்டை 45 கிலோ; அதற்கு முன் 50. அப்பா காலத்துக் குறிப்பேட்டைப் பார்த்து “நாலு மூட்டை” என்பவர்கள் 200 கிலோ என்று நினைத்து 180 கிலோ போடுகிறார்கள். அதைவிட, “எதற்கும் இருக்கட்டும்” என்று ஆறு மூட்டைக்குப் போகிறவர்கள் அதிகம். மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலையில் யாருக்குக் கை அடங்கும்?

பேரணாம்பட்டு மருமகள்:
வாத்தியார் ஐயா, விலை 266 ரூபாய் 50 காசு என்பது மூட்டையில் அச்சிட்டிருக்கிறது. நாங்கள் போகும் கடையில், கூடவே ஏதாவது ஒரு பாட்டில் வாங்கினால்தான் யூரியா. அந்தப் பாட்டிலுக்காகவே பரிந்துரைக்காத தெளிப்பெல்லாம் அடிக்க வேண்டியிருக்கிறது.

உரம் வைப்பது எங்கள் வீட்டில் பெண்கள் வேலை. தூவுவதில்லை. செடியிலிருந்து நாலு விரல் தள்ளிக் கோடு கீறி, உரம் போட்டு, மண் அணைத்துவிடுவோம். 25ஆம் நாள் மண் அணைப்பும் மேலுரமும் ஒன்றாக முடிகிறது. காற்றில் போகிற பேச்சே இல்லை. அவசரமாகத் தூவுகிறவர்கள் கொல்லையில் யூரியா குருத்துக்குள் விழுந்து இலை வெந்து நிற்கும். படைப்புழு வந்த பிறகு குருத்தில் எந்தக் காயம் கண்டாலும் புழு என்று மருந்தடிக்க ஓடுகிறார்கள்; அதில் பாதி யூரியாக் காயம்தான். என் மாமியார் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி, ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருப்பார். 2015 முதல் யூரியாவே வேம்பு பூசித்தான் வருகிறது. “நான் செய்ததை இப்போது சர்க்கார் செய்கிறது” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

குடியாத்தம் கேணிமேடு:
கேணித் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். ஆட்டுப்பட்டியும் வீட்டுச் சாக்கடையும் அருகில் உள்ள கேணிகளில் நைட்ரேட் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. குடிநீருக்கு உச்ச அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரை ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினாலே ஒரு கிலோ தழைச்சத்து நிலத்தில் சேர்கிறது. ஒரு பயிருக்குப் பதினைந்து, இருபது அங்குலம் பாய்ச்சினால் முக்கால் மூட்டை யூரியாவுக்குக் குறையாது. என் கேணி அறிக்கையைப் பார்த்துக் கடைசி மேலுரத்தைக் குறைத்தேன்; கதிரில் குறை தெரியவில்லை.

கணக்கு வாத்தியார், காட்பாடி:
கணக்கு சரி. ஆனால் பாய்ச்சும் தண்ணீரெல்லாம் வேரில் நிற்பதில்லையே. பாலாற்றங்கரை நண்பரின் மணலில் அந்த நைட்ரேட்டும் கீழேதான் இறங்கும். பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கே.வி.குப்பம் கொல்லைக்காரன்:
தண்ணீர் மாதிரி நான் இதுவரை கொடுத்ததில்லை. இந்த வாரம் கொடுக்கிறேன். அம்மா, கோடு கீறி வைக்க ஏக்கருக்கு எத்தனை ஆள் பிடிக்கிறது? புரட்டாசிப் பட்டத்துக்கு இப்போதே சொல்லி வைத்தால்தான் எங்கள் ஊரில் ஆள் கிடைக்கும்.

பேரணாம்பட்டு மருமகள்:
நாலு பேர், காலை வேலையாக. இருவர் கீற, ஒருவர் போட, ஒருவர் அணைக்க. முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு வையுங்கள், கீறுவது எளிது.