களனிவெளி ரயில் பாதையில் எங்கே இறங்கலாம், எதைப் பார்க்கலாம்?

கரையோரப் பயணி (வெள்ளவத்தை)

எங்களுக்குக் கரையோர ரயில்தான் பழக்கம். இந்த முறை கடலுக்கு முதுகு காட்டி, மருதானையால் திரும்பி அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர யோசனை. அப்பா எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி. மகனுக்குப் பத்து வயது, ரயில் பைத்தியம்.

அங்கே முந்தி ஓடிய சின்னத் தண்டவாளத்தின் மிச்சம் ஏதாவது கண்ணில் படுமா? கொழும்புக்குத் தண்ணீர் வரும் லபுகம குளத்துக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்? அவிசாவளையில் ஒரு பழைய சைவக் கோயிலின் இடிபாடு இருப்பதாகச் சொல்கிறார்கள், உண்மையா? அப்பா அதற்காகத்தான் வரச் சம்மதித்தார்.

குறும்பாதை

முதலாவது கேள்விக்கு: தண்டவாளத்தைத் தேடாதீர்கள், வளைவுகளைப் பாருங்கள். குறும்பாதையின், அதாவது நீங்கள் சொல்லும் சின்னத் தண்டவாளத்தின், மிச்சம் என்று கொழும்புக்கும் அவிசாவளைக்கும் இடையில் தெளிவாக இருப்பது அவைதான்.

இந்தப் பாதை 1900க்கும் 1902க்கும் இடையில் யட்டியாந்தோட்டை வரை போடப்பட்டது. தேயிலை, றப்பர் தோட்டங்களுக்காகப் போட்ட பாதை. மற்றப் பெரிய பாதைகளில் எல்லாம் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் ஐந்தடி ஆறங்குல (1676 மி.மீ.) அகலம், இது இரண்டரை அடி (762 மி.மீ.) மட்டுமே. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போய், பிறகு இல்லாமற்போன பாதையும் இதே அளவுதான். அகலம் குறைந்தால் வளைவை இறுக்கிப் போடலாம். மேட்டை வெட்டாமல், பள்ளத்தை நிரப்பாமல், சுற்றிக்கொண்டு போய்விடலாம். செலவு குறைவு.

1990களில் அவிசாவளை வரை அகலப்பாதையாக மாற்றி, 1996இல் வேலையை முடித்தார்கள். ஆனால் பெரும்பாலும் பழைய தடத்தின் மேலேயே அகலத் தண்டவாளத்தைப் போட்டார்கள். இரண்டரை அடிக்கு வகுத்த வளைவில் ஐந்தரை அடி வண்டி திரும்புகிறது. அச்சின் இரண்டு முனையிலும் சக்கரம் இறுக்கமாகப் பொருத்தியிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவிலோ வெளித் தண்டவாளத்தின் நீளம் கூட. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கச் சக்கரம் கொஞ்சம் வழுக்கியே ஆக வேண்டும். முன்சக்கரத்தின் விளிம்பும் வெளித் தண்டவாளத்தின் பக்கவாட்டில் உராயும். கிறீச்சென்ற சத்தம் இதனால்தான். தண்டவாளம் பக்கவாட்டில் தேய்வதும், வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதும், ஆறச்சு கொண்ட நீளமான இயந்திரங்களுக்கு இந்தப் பாதை ஒத்துவராததும் இதே காரணத்தால். ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அவசரம் என்றால் இந்த ரயில் வேண்டாம்.

மகனுக்குக் காட்ட ஒரு வழி: வளைவு வரும்போது நடுப்பெட்டியின் யன்னலால் பார்த்தால் தலையும் வாலும் ஒரே நேரத்தில் தெரியும். தலையை வெளியே நீட்ட விடாதீர்கள், மரக்கிளையும் கம்பமும் மிகக் கிட்ட. பொரளை கொட்டா வீதியைத் தாண்டியதும் ரயில் கொல்ஃப் மைதானத்துக்கு நடுவால் போகும். அதை அவன் தவறவிடக் கூடாது.

குறும்பாதை இயந்திரங்களையே பார்க்க வேண்டுமானால் கண்டிப் பக்கம் கடுகண்ணாவைக்குத்தான் போகவேண்டும். மருதானையில் பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டிடத்தில் 2009இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் 2014 டிசம்பரில் அங்கே மாறிவிட்டது. இன்னமும் மருதானைக்குப் போய் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

பாதுக்கைக்கு அப்பால்

லபுகமவுக்கு வக ஸ்டேஷன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து குளம் நடை தூரமில்லை, ஆட்டோ வேண்டும். சின்ன ஸ்டேஷன், வாசலில் ஆட்டோ நிற்கும் என்று நம்பி இறங்க முடியாது. பாதுக்கையில் இறங்கி ஆட்டோ பேசிக்கொண்டு போவது நல்லது. போகவும் காத்திருக்கவும் திரும்பவும் சேர்த்து ஏறும்போதே விலை பேசிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் அனுமதி. லபுகமவும் அதற்குப் பக்கத்திலுள்ள களட்டுவாவவும் குடிநீர்த் தேக்கங்கள், நீர்வழங்கல் சபையின் பொறுப்பில் உள்ளவை. முன்கூட்டி அனுமதி எடுக்காமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டி வரலாம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் கேட்க ஆளிருக்காது, ஆகவே வார நாளில் கேட்டு வையுங்கள். குளிக்கலாம், சமைத்துச் சாப்பிடலாம் என்ற எண்ணத்தோடு போகக் கூடாது.

லபுகம 1880களில் கட்டிய தேக்கம். சுற்றிலும் காட்டை ஒதுக்கி, மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து, உயர வித்தியாசத்தாலேயே குழாய் வழியாக மருதானைப் பக்கம் மாளிகாகந்தைத் தொட்டிக்கு இறக்கினார்கள். பம்பு இல்லை. மாளிகாகந்த மேட்டில் இருப்பதால் அங்கிருந்து நகருக்கும் தண்ணீர் தானாகவே இறங்கியது.

வக பக்கம் இந்திகட முகலான காடும் இருக்கிறது. மழைக்குப் பிறகு அட்டை தாராளம். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரத்தை ஈரமாகப் பூசுங்கள். கடித்தால் இழுக்காதீர்கள், நகத்தால் வாயோரத்தைத் தள்ளினால் விட்டுவிடும்.

நேராகச் சொன்னால், முழங்கால் வலியுள்ள பெரியவரோடு ஒரே நாளில் லபுகமவையும் அவிசாவளையையும் சேர்க்காதீர்கள்.

கல்லும் உளியும்

கோயில் உண்மை. ஊரில் பெரெண்டி கோவில் என்பார்கள். பைரவருக்கு எடுத்த கோயில். சீதாவாக்கை (இன்றைய அவிசாவளை) அரசன் முதலாம் இராஜசிங்கன் கட்டத் தொடங்கி முடியாமற்போனது என்பது வழக்கு. அவன் 1593இல் இறந்தான், அடுத்த ஆண்டே சீதாவாக்கை அரசும் முடிந்தது. அவன் சைவத்துக்கு மாறியதையும், சிவனொளிபாத மலையை ஆண்டிகளின் கையில் கொடுத்ததையும் பௌத்த வரலாற்று நூலான சூளவம்சம் கோபத்தோடு எழுதுகிறது. கோட்டை அரசிலிருந்து 1521இல் பிரிந்து, போர்த்துக்கேயரை 1559இல் முல்லேரியாவில் தோற்கடித்த அரசு இது. முல்லேரியாவும் கொழும்புக்குப் பக்கத்தில்தான், அங்கொடைக்கு அடுத்தாற்போல்.

ஆனால் அப்பாவுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: கோபுரமில்லை, மூலவர் இல்லை, பூசை இல்லை. கருங்கல் அடித்தளமும், செதுக்கிய கற்களும், படிகளும்தான். அர்ச்சனைத் தட்டோடு போனால் ஏமாற்றம். கல்வேலைக்காகப் போனால் நேரம் போதாது. அடித்தளத்தை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றிவாருங்கள். அடுக்கடுக்காகப் போகும் பட்டிகளின் விளிம்பை உற்றுப் பாருங்கள், தூண்களின் செதுக்கலையும் விடாதீர்கள். காலை அல்லது பின்நேர வெயில் சரிந்து விழும்போதுதான் செதுக்கல் எழுந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடம். கல்லில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம். மழை நாளில் பாசி வழுக்கும், அப்பாவை மேலே ஏற்றாதீர்கள். கீழே நின்றே முக்கியமானதெல்லாம் தெரியும். அவிசாவளை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ கிடைக்கும், “பெரெண்டி கோவில்” என்றால் போதும். வெறுமனே “கோவில்” என்றால் வேறெங்காவது கொண்டுபோய் விடுவார்கள்.

கரையோரப் பயணி (வெள்ளவத்தை)

நன்றி. அப்போது லபுகம இன்னொரு நாளைக்கு. இன்னும் இரண்டு: ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவாமே, திரும்பிவரப் பஸ் எடுக்கலாமா? மகன் யட்டியாந்தோட்டை, இரத்தினபுரிப் பழைய பாதையையும் பார்க்க வேண்டுமென்று அடம்.

குறும்பாதை

இது அலுவலகப் பயணிகளுக்கான பாதை. காலையில் கொழும்புப் பக்கமும் மாலையில் அவிசாவளைப் பக்கமும்தான் வண்டிகள் நெருக்கமாக ஓடும். வார இறுதியில் சிலது இல்லை, சிலது பாதி வழியிலேயே திரும்பும். சின்ன நிலையங்களில் எல்லா வண்டியும் நிற்காது. முதல்நாளே அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அடித்து, அவிசாவளை வரை போகும் வண்டியா என்று கேளுங்கள். “களனிவெளி ரயில்” என்று மட்டும் கேட்டால் பாதுக்கையோடு நிற்கும் வண்டியின் நேரத்தையும் சொல்லிவிடுவார்கள். நுகேகொடையில் ஏறுவது உங்களுக்குக் கிட்ட, ஆனால் இருக்கை வேண்டுமானால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கே போய் ஏறுங்கள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்வண்டிக்காக நிற்க வேண்டி வரும், ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும்.

திரும்ப 122 பஸ் நல்லது, ஹைலெவல் வீதியால் வரும். அப்பாவின் முழங்காலுக்கும் ரயில் படியை விட அது சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழைக்கு முன் கிளம்பிவிடுங்கள்.

யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாகப் போனது. இரத்தினபுரிக்கு 1912இல் போய்ச் சேர்ந்து பிறகு ஓபநாயக்க வரை நீண்ட கிளை 1970களில் நின்றது. இரண்டையும் ரயிலில் பார்க்க முடியாது. வீட்டில் வரைபடத்தில் தொடங்கட்டும். எஹெலியகொட, குருவிட்டப் பக்கம் பிரதான வீதிக்குச் சமாந்தரமாகப் போகும் சின்ன வீதிகளைத் தேடச் சொல்லுங்கள். ரயில் பாதை செங்கோணத்தில் திரும்பாது, திடீரென்று ஏறவும் மாட்டாது. நீண்டு, மெல்ல வளைந்து, வீட்டு மதில்களுக்கு நடுவே சமதளமாகப் போகும் வீதி என்றால் சந்தேகப்படலாம். அது ஓடையைக் கடக்கும் இடத்தில் பழைய கற்கட்டுத் தாங்கிகள் நின்றால் சந்தேகம் வலுக்கும். பிறகு அந்த இடத்தில் வயதானவர் யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்தலாம். அதற்குத் தனியாக ஒரு நாள், சொந்த வாகனத்தோடு.