இரண்டு லேப்டாப், 7 கிலோ, திருச்சி – கோலாலம்பூர்: என்ன செய்யலாம்?

உறையூர்க்காரி:
வணக்கம். அடுத்த வியாழக்கிழமை திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகிறேன். தங்கைக்கு வளைகாப்பு. இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதி வாங்கிவிட்டேன். அதனால் ஆபீஸ் லேப்டாப், என் சொந்த லேப்டாப் இரண்டும் கூட வருகின்றன. டிக்கெட்டில் கைப்பை 2, மொத்தம் 7 கிலோ என்று இருக்கிறது. 20 கிலோ செக்-இன் (கவுண்டரில் கொடுத்துவிடும் பெட்டி) தனியாகக் காசு கட்டி வாங்கியாயிற்று.

நேற்று ராத்திரி ஒவ்வொன்றாக எடை போட்டேன். டிராலி காலியாகவே 2.8. லேப்டாப் பை 0.9, ஆபீஸ் லேப்டாப் 2.1, என்னுடையது 1.4, ஆபீஸ் சார்ஜர் 0.5, என் சார்ஜர் 0.3, பவர்பேங்க் 0.6. சின்னக்கடை வீதியில் வாங்கிய கண்ணாடி வளையல் ஒரு கிலோ. அது உடையக்கூடாது என்றுதான் டிராலியே. கூட்டினால் 9.6 வருகிறது!

போன வருஷம் சென்னையிலிருந்து டெல்லி போனபோது தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இதிலும் அப்படித்தானா? இல்லையென்றால் ஒரு லேப்டாப்பைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்து செக்-இன்னில் போட்டுவிடலாமா?

ஈப்போ மாமா:
இதில் சேரும்மா. சென்னை–டெல்லியை இதோடு ஒப்பிடாதே. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. இண்டிகோவில் கைப்பைக்கு 7 கிலோ, அதுபோக லேப்டாப் பைக்குத் தனியாக 3 கிலோ. ஸ்கூட்டில் இரண்டு பையும் சேர்த்து 10. ஏர்ஏசியாவில் இரண்டும் சேர்த்தே 7தான். பெரிய பை 56×36×23 செ.மீ., சின்னது 40×30×10. உன் டிக்கெட்டில் "மொத்தம்" என்று இருக்கிறதே, அந்த ஒரு சொல்லைத்தான் பார்க்க வேண்டும். லேப்டாப், சார்ஜர், ஏன் தண்ணீர் பாட்டில்கூட அந்த 7-க்குள்தான்.

பொன்மலை ரயில்வே காலனி:
செக்-இன்னில் லேப்டாப் போடலாமா என்றால், விதிப்படி போடலாம். முழுசாக ஆஃப் செய்திருக்க வேண்டும், மூடி வைத்து 'ஸ்லீப்'பில் விட்டால் போதாது. இடிபடாமல் சுற்றி வைக்க வேண்டும். ஆனாலும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் சொந்த லேப்டாப் என்றால் உங்கள் பாடு. ஆபீஸ் லேப்டாப் திரை நொறுங்கி வந்தால் யாருக்குப் பதில் சொல்வீர்கள்?

பவர்பேங்க், தனி பேட்டரி இரண்டும் செக்-இன்னில் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறிப் புகைய ஆரம்பித்தால், கேபினில் என்றால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கீழே சரக்கறையில் யார் பார்ப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கே நடந்தது. விமானத்தில் மேலே பை வைக்க இடமில்லை என்று, ஏறும் வாசலிலேயே என் டிராலியை வாங்கிச் சீட்டு ஒட்டி கீழே அனுப்பிவிட்டார்கள். லேப்டாப், பவர்பேங்க் எல்லாம் அதற்குள்ளேதான். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது, பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள், நான் தரையில் உட்கார்ந்து பனியனையும் வேட்டியையும் வெளியே அள்ளிப்போட்டு லேப்டாப்பைத் தேடினேன். அன்றிலிருந்து டிராலிக்குள் லேப்டாப் வைப்பதே இல்லை. தனி உறையில் போட்டு, ஒரே இழுப்பில் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

ஈப்போ மாமா:
பொன்மலை சொல்வது சரி. உன் கணக்கில் பெரிய திருடன் அந்த டிராலிதான். காலியாகவே 2.8 தின்கிறது. அதைத் தூக்கிப் போடு.

சும்மா ஒருத்தன்:
பெரிய பாக்கெட் வைத்த ஜாக்கெட் ஒன்று வாங்கி, சார்ஜர் எல்லாவற்றையும் அதில் அடைத்துக்கொண்டு போங்கள். போட்டிருக்கும் துணிக்கு எடை கிடையாது.

உறையூர்க்காரி:
மே மாதத் திருச்சி வெயிலில் ஜாக்கெட்டா! வேண்டாம் சாமி.

டிராலியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். லேப்டாப் பை, இரண்டு லேப்டாப், இரண்டு சார்ஜர், பவர்பேங்க்: 5.8. வளையல் சேர்ந்தால் 6.8. மயிரிழையில் தப்புகிறது. ஆனால் பவர்பேங்க்கைப் பற்றி இப்போது பயம் வந்துவிட்டது. அது 30000 எம்ஏஎச், என் கணவர் வாங்கியது. கொண்டுபோகலாமா?

சும்மா ஒருத்தன்:
பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-ஹவர் வரை என்றால் தாராளமாகப் போகலாம். 30000-ஐ 5 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 150. போச்சு.

பொன்மலை ரயில்வே காலனி:
தம்பி, 5 வோல்ட் என்பது போனுக்கு வெளியே வருகிற மின்சாரம். பெருக்க வேண்டியது உள்ளே இருக்கிற செல்லின் வோல்ட்டை. அது பெரும்பாலும் 3.7. 30000 × 3.7 ÷ 1000 = 111. இதே கணக்கில் 20000 என்றால் 74, 10000 என்றால் 37.

ஆனாலும் நூறைத் தாண்டியதுதான். 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் கிடையவே கிடையாது. ஒரு வளைகாப்புக்குப் போக அந்த அலைச்சல் எதற்கு? 10000 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எடையும் 200 கிராம்தான் வரும். அதன் முதுகில் எத்தனை எம்ஏஎச் என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பும் முன்பே தீப்பிடித்தது. 176 பேரும் பிழைத்தார்கள். மேலே பை வைக்கும் இடத்தில் தொடங்கிய தீ. பவர்பேங்க்கின் மேல்தான் சந்தேகம். அதற்கப்புறம்தான் எல்லாரும் கெடுபிடி செய்ய ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்க்கில் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டது. நீங்களும் மேலே வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூர் அக்கா:
எல்லாரும் போகிற கணக்கையே பார்க்கிறீர்கள், வருகிற கணக்கு? இந்தியா திரும்பும்போது 18 வயது நிறைந்த ஒருவர் ஒரு லேப்டாப்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். உன் இரண்டும் இந்தியாவிலிருந்தே போனவைதான், வரி கிடையாது. ஆனால் அதைக் காட்ட உன்னிடம் தாள் இருக்க வேண்டும். கிளம்பும் அன்றே விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் கவுண்டருக்குப் போய், சீரியல் நம்பரைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (இவை இந்தியாவிலிருந்து போனவை என்ற சான்று) வாங்கிக்கொள். முடியாவிட்டால் உன் லேப்டாப்பின் பில், ஆபீஸ் லேப்டாப்புக்கு ஆபீஸ் கடிதம், இரண்டையும் போனில் வைத்துக்கொள்.

ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்துவிடாதே, பெட்டியில் போடு. வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவமோ குழம்பு மாதிரியானதோ கையில் விடமாட்டார்கள். மாங்காய்த் தொக்கும் அதில் அடக்கம்.

உறையூர்க்காரி:
தொக்கு இருப்பது எப்படித் தெரிந்தது அக்கா? பெட்டிக்கு மாற்றிவிட்டேன். என் சார்ஜரும் பெட்டிக்குப் போய்விட்டது. ஆபீஸ் சார்ஜர் மட்டும் கையில். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வேலை ஓடும்.

உறையூர்க்காரி (பத்து நாள் கழித்து):
வந்து சேர்ந்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கொக்கித் தராசில் பையை மாட்டிப் பார்த்தேன்: 5.1. வளையலை மஞ்சள் பையில் தனியாகப் போட்டு இரண்டாவது பையாகக் கையில் வைத்துக்கொண்டேன். கவுண்டரில் இரண்டையும் சேர்த்தே எடை போட்டார்கள். 6.3 காட்டியது, மஞ்சள் பையில் மல்லிகைப் பூப் பொட்டலமும் இருந்தது.

செக்யூரிட்டியில் இரண்டு லேப்டாப்பையும் தனித்தனித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பவர்பேங்க்கைக் கையில் எடுத்து எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். சர்டிபிகேட் வாங்க நேரமில்லை. பில்லும் கடிதமும் போனில் இருக்கின்றன.

சிலாங்கூர் அக்கா:
வளையல்?

உறையூர்க்காரி:
விமானத்தில் ஒன்றுகூட உடையவில்லை அக்கா. இங்கே வந்து தங்கை வீட்டு மாடிப்படியில் பையை இடித்து நான்கு போய்விட்டது.