முதல் சவரக்கத்தி எப்படிக் கைக்கு வந்தது?

பழைய மடக்குச் சவரக்கத்தி பற்றிய இந்தக் கேள்விக்கு எல்லாரும் எழுதுகிறீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவியவர். விடியும் முன்னே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுவார், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். அதனால் கத்தி தீட்டுவது எனக்குத் தெரியாத வேலை இல்லை என்றே நினைத்திருந்தேன்.

முதல் கத்தி ஈப்போவில் பழைய பொருள் விற்கும் பசார் காராட் சந்தையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. சோலிங்கன், ஜெர்மனி என்று முத்திரை, மேலெல்லாம் துரு. சீக்கிரம் பளபளப்பாக்க வேண்டும் என்ற அவசரத்தில் நண்பன் பட்டறையில் மின்சார மெருகுச் சக்கரத்தில் வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முனைப்பக்கம் நீலமாகிவிட்டது. இந்த எஃகைக் கடினமாக்கிய பிறகு ஏறக்குறைய 200 டிகிரியில்தான் பதப்படுத்துவார்கள், நீலம் ஏறினால் சூடு 300-ஐ நெருங்கிவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் குடைந்து காகிதம் போல மெலிந்த அலகு, சூடு ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும்? புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து மோட்டார் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது கத்தி எங்கள் ஊர் முடிதிருத்தும் கடை ஐயா கொடுத்தது. ஒருவர் இரத்தம் பட்ட கத்தி இன்னொருவர் மேல் படக்கூடாது என்பதால் அவர் பல வருடமாக மாற்று பிளேடு போடும் கத்திதான் வைத்திருக்கிறார். அவரிடம் முடி வெட்டிக்கொள்ளும்போது நான் பேச்சைத் தொடங்க, மேசை இழுப்பறையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய, இங்கிலாந்து ஷெஃபீல்டு நகரத்துக் கத்தியை எடுத்தார். "துருவைப் பார்க்காதே தம்பி, விளிம்பைப் பார்" என்று சொல்லி, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் பட்டும் படாமலும் இழுத்துக் காட்டினார். விரிசலோ பல்லோ இருந்தால் நகத்தில் மாட்டும். துரு விளிம்பு வரைக்கும் குழி பறித்திருந்தால் அந்தக் கத்தியை வாங்கவே கூடாது என்றார். இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வீட்டில் ஒரு ராத்திரி துரு இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெயில் ஊறவிட்டேன். பிறகு பலகை மேல் அலகைப் படுக்கவைத்து, நீர் தொட்டு 600, 1000, 2000 எண் உப்புத்தாள் (எண் கூடக் கூட நயம்), கடைசியில் ஆட்டோசோல் என்கிற உலோக மெருகுப் பசை. முதுகிலிருந்து, அதாவது கூர் இல்லாத தடித்த பக்கத்திலிருந்து, விளிம்பை நோக்கித்தான் தேய்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் விரல் போய்விடும். கறுப்புப் புள்ளிகள் சில மிஞ்சின, விட்டுவிட்டேன். அதையும் எடுக்கப் போனால் முத்திரைப் பெயர் அழிந்துவிடும், அழிந்த பெயர் திரும்ப வராது. அலகில் பொன் பூச்சு எழுத்து இருந்தால் ஆட்டோசோலே வேண்டாம், துடைத்த துணியோடு வந்துவிடும்.

தீட்டுவதில்தான் தாத்தாவின் பாடம் எனக்கு எதிராக நின்றது. சீவுகத்திக்குக் கோணத்தைக் கை பிடிக்க வேண்டும். சவரக்கத்திக்கு அந்த வேலையை முதுகே செய்கிறது. முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படிந்திருந்தால் போதும், கை அழுத்தவே கூடாது. நானோ பழக்கத்தில் முதுகைத் தூக்கித் தூக்கித் தேய்த்தேன். விளிம்பில் மார்க்கர் மை பூசித் தேய்த்த பிறகுதான் மை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பிழை கண்ணுக்குத் தெரிந்தது. 1000 எண் தீட்டுகல்லிலேயே மூன்று சாயங்காலம் போனது. அது சரியாக அமையாமல் 4000, 8000, 12000 என்று ஏறுவது வீண். அப்புறம் தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும், திருப்பும்போதும் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும்.

நம் ஊர் ஈரத்துக்குக் குளியலறையில் வைக்காதீர்கள். துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முகத்தில் வைக்கும் முன் ஆல்கஹாலில் துடைக்கவும்.

இப்போது கைப்பிடி ஆணி ஆடுகிறது. 1/16 அங்குலப் பித்தளைக் கம்பி யாராவது இந்தப் பக்கம் வாங்கினீர்களா?

* * *

அண்ணா, நான் கோலகங்சார். வெல்டிங் சாமான் கடையில் 1.6 மில்லிமீட்டர் பித்தளைப் பற்றவைப்புக் கம்பி கேட்டுப் பாருங்கள், அளவு கிட்டத்தட்ட அதேதான். பழைய ஆணியின் தலையை அரத்தால் ராவி எடுங்கள், புதியதைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தலை பரப்புங்கள், அவசரப்பட்டால் கைப்பிடி பிளக்கும்.

உங்கள் கைப்பிடி கொம்பா, செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக்கா? எனக்குக் கிடைத்தது செல்லுலாய்டு, திறந்ததும் சூடம் மணத்தது, அது சூடம் சேர்த்துச் செய்கிற பொருள். சிதையத் தொடங்கினால் அமில வாயு விடும், நான் ஒரே டப்பாவில் போட்டு வைத்ததில் பக்கத்தில் இருந்த நல்ல கத்தியிலும் துரு ஏறிவிட்டது. செல்லுலாய்டு என்றால் இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள், நெருப்புப் பக்கமும் வேண்டாம்.