செழித்த பெட்டிதான் முதலில் காலியானது: உண்ணியும் வைரஸும் தந்த அனுபவங்கள்

(தேனீ வளர்ப்போர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பதிவுகள் இவை. ஒவ்வொன்றின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பன்னிரண்டு பெட்டி

என்னிடம் இருந்தவை பன்னிரண்டு பெட்டிகள், எல்லாமே இத்தாலியத் தேனீ. அவற்றில் ஏழாம் எண் பெட்டிதான் என் செல்லம். மற்ற பெட்டிகளில் ஒரு தேன் அறை நிரம்புவதற்குள் அதில் மூன்றாவது அறையை ஏற்ற வேண்டியிருந்தது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் திறந்து காட்டுவேன்.

தேன் எடுத்து ஐந்து வாரம் கழித்துத் திறந்தபோது இராணியைச் சுற்றி ஒரு கைப்பிடித் தேனீக்கள் மட்டுமே இருந்தன. சட்டங்களின் ஓரத்தில் தேன் அப்படியே இருந்தது, மகரந்தமும் இருந்தது. பிணக்குவியல் எதுவும் இல்லை. அடுப்பை அணைக்காமல் எழுந்து போய்விட்டவர்களின் வீடுபோல இருந்தது.

யாரோ அருகில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் முகம் தெரியாத ஒருவர்மீது கோபத்தில் இருந்தேன். மறுநாள் காலையில்தான் பெட்டிக்கு முன்னால் புல்லில் ஊர்ந்துகொண்டிருந்தவற்றைக் குனிந்து பார்த்தேன். இறக்கைகள் கசக்கி எறிந்த காகிதம்போலச் சுருண்டிருந்தன, வயிறு குட்டையாகச் சூம்பியிருந்தது. புழு அடையில் மெழுகு மூடிகள் ஓட்டை விழுந்து கிடந்தன. காலிக் கண்ணறைகளின் மேற்சுவரில் உப்புத்தூள்போல வெள்ளைப் புள்ளிகள். அது உண்ணியின் எச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. அடிப்பலகையை இழுத்துப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வரோவா உண்ணிகள், தேனீயின்மீது ஒட்டி அதையே தின்று வாழ்பவை.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பருவம் முழுவதும் பெட்டி திறக்கும்போதெல்லாம் தேனீக்களின் முதுகைக் கவனமாகப் பார்த்தேன். ஓர் உண்ணிகூடக் கண்ணில் படவில்லை. "நம் பெட்டியில் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

மருந்துப் பெயர்களைக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்போது தெரிந்தது, எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள், எங்கே தவறினீர்கள்? அதை எழுதுங்கள்.

புகைமூட்டம்

அண்ணா, அந்தத் தேனை என்ன செய்தீர்கள்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் இப்படி ஒரு பெட்டி காலியானது. மிச்சத் தேனை மற்ற கூட்டங்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்தேன். தர்மம் செய்வதாக நினைப்பு. இரண்டு நாளில் எல்லாப் பெட்டித் தேனீக்களும் வந்து கொள்ளையடித்துக்கொண்டு போயின. தேனோடு, அங்கே எஞ்சியிருந்த தேனீக்களின் உடம்பில் ஒட்டியிருந்த உண்ணிகளும் போயின. நன்றாக இருந்த இரண்டு பெட்டிகளில் அடுத்த மாதமே இறக்கை சுருண்ட தேனீக்கள் தெரிய ஆரம்பித்தன. இப்போதெல்லாம் கூட்டம் மெலிகிறது என்று தெரிந்தவுடன் வாசலை ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறேன்.

எண்ணிப் பார்ப்பவள்

முதுகைப் பார்த்து உண்ணி தேடுவது, ஊரில் திருடன் இருக்கிறானா என்று கடைத்தெருவில் தேடுவதுபோல. பெரும்பகுதி உண்ணிகள் மூடிய கண்ணறைக்குள் கூட்டுப்புழுவோடு இருக்கின்றன. வெளியே இருப்பவையும் பெரும்பாலும் தேனீயின் அடிவயிற்றுத் தகடுகளுக்கு இடையே செருகிக்கொண்டிருக்கும். முதுகில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுகிறது என்றால், ஐயா, அது காலம் கடந்த செய்தி.

நான் ஏழு வருடமாக எண்ணுகிறேன். முதல் இரண்டு வருடம் தேனீக்களை மாவுச் சர்க்கரையில் உருட்டி, உதிரும் உண்ணிகளை எண்ணினேன். தேனீ சாகாது, மனசுக்கும் நிம்மதி. ஈரப்பதம் மிகுந்த ஒரு நாளில் சர்க்கரை கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. சல்லடையில் விழுந்தவை நான்கு. சந்தேகம் தீராமல் அதே பெட்டியில் மறுபடி அரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய முந்நூறு தேனீக்களை எடுத்து ஆல்கஹாலில் குலுக்கினேன். பத்தொன்பது விழுந்தன. அன்றோடு சர்க்கரையை விட்டேன்.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தேன் அறையிலிருந்து எடுத்தால் எண்ணிக்கை குறைவாகவே வரும். புழு அடை உள்ள சட்டத்திலிருந்து, பால் ஊட்டும் இளம் தேனீக்கள் கூடியிருக்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அந்தச் சட்டத்தில் இராணி இல்லை என்று இருமுறை பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறைதான் பார்த்தேன். குலுக்கி முடித்த பாட்டிலின் அடியில் நீண்ட வயிறு ஒன்று மிதந்தது. அன்று சாப்பிடவில்லை.

நூறு தேனீக்கு மூன்று உண்ணி, அதாவது அரைக் கோப்பைக்கு ஒன்பது என்றால் நான் காத்திருப்பதில்லை. உங்கள் ஏழாம் எண் ஏன் விழுந்தது என்று ஊகிக்க முடிகிறது. பெரிய கூட்டம் என்றால் நிறையப் புழு அடை, நிறையப் புழு அடை என்றால் உண்ணிக்கு நிறையத் தொட்டில். தாய் உண்ணி மூடுவதற்குச் சற்று முன் கண்ணறைக்குள் நுழைந்து, முதலில் ஓர் ஆண் முட்டையும் பிறகு பெண் முட்டைகளுமாக இடுகிறது. தேன் வரத்து நின்றதும் இராணி முட்டையைக் குறைத்துவிடும், தேனீக்களின் எண்ணிக்கை இறங்கும். உண்ணி இறங்காது. முன்பு பத்துக் கண்ணறைக்கு ஒன்றில் இருந்தது, இப்போது மூன்றுக்கு ஒன்றில் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது.

தேனடைத் தம்பி

அக்கா, முந்நூறு தேனீக்களைச் சாகடித்துத்தான் எண்ண வேண்டுமா? நான்கு பெட்டி வைத்திருப்பவனுக்குக் கை வரவில்லை. போதாததற்கு எங்கள் பக்கம் இந்த உண்ணி இன்னும் வரவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

எண்ணிப் பார்ப்பவள்

தம்பி, நல்ல இராணி உச்சப் பருவத்தில் ஒரு நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். நான் எடுப்பது அதன் அரை நாள் வேலைகூட இல்லை. கை வராவிட்டால் அடிப்பலகையில் எண்ணெய் தடவிய அட்டையை மூன்று நாள் வைத்து, விழுவதை எண்ணுங்கள். துல்லியம் குறைவு, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

"வரவில்லை" என்பதை நம்பாதீர்கள். தேனீ பெருமளவில் வளர்க்கும் நாடுகளில் இது இல்லாத நாடாக ஆஸ்திரேலியா நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் வைத்திருந்த கண்காணிப்புப் பெட்டியில் கண்டுபிடித்தார்கள். ஏராளமான பெட்டிகளை அழித்தும் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில், ஒழிக்க முடியாது, இனி இதோடு வாழப் பழகுவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மெழுகுக் கை

என் தவறுகளைப் பட்டியல் போட்டால் இரவு போதாது. பெரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

உண்ணியைக் கொல்லும் ஃபார்மிக் அமிலப் பட்டையை வெயில் கொளுத்திய நாளில் வைத்தேன். முப்பது டிகிரிக்கு மேல் போனால் ஆவி கட்டுக்கடங்காது என்று உறையிலேயே எழுதியிருந்தது. படித்தேன். ஆனாலும் வைத்தேன். மாலையில் கூட்டம் முழுவதும் பெட்டியின் வெளிச்சுவரில் தாடிபோலத் தொங்கியது. இராணி போனது, இளம் புழுக்கள் போயின. மெழுகு மூடிக்குள்ளும் ஊடுருவிக் கொல்வதுதான் ஃபார்மிக்கின் சிறப்பு. அதே காரணத்தால் அவசரக்காரன் கையில் அது ஆபத்தானதும்கூட.

அடுத்த ஆண்டு பயந்துபோய் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு மாறினேன். பாகில் கலந்து சட்ட இடைவெளிக்கு ஐந்து மில்லி வீதம் சொட்டவிட்டேன். அடியில் உண்ணி மழை. மகிழ்ச்சியில் எல்லோருக்கும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து எண்ணினால் பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! ஆக்ஸாலிக் மூடிய கண்ணறைக்குள் போகாது. நான் கொன்றது வெளியே திரிந்த சிறுபான்மையை. உள்ளே இருந்த பெரும்பான்மை தன் மகள்களோடு வெளியே வந்தது.

அதற்குப் பிறகுதான் இராணியைக் கூண்டில் அடைக்கக் கற்றேன். கூண்டில் இருக்கும்வரை அது கண்ணறைகளில் முட்டையிட முடியாது. கணக்கு எளிது. பணித் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். இராணியை 24 நாள் கூண்டில் வைத்தால் கடைசி நாளில் மூடிய கண்ணறை ஒன்றுகூட இருக்காது. எல்லா உண்ணியும் தேனீக்களின் உடம்பில்தான். அப்போது ஒரே ஒரு முறை ஆக்ஸாலிக். மூன்று நாளில் அட்டையில் 340 எண்ணினேன். அதன் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன், கண் வலித்தது.

கூட்டம் இராணியை ஒதுக்கிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பதினான்கு பெட்டிகளில் இரண்டில் அப்படி நடந்தது. ஆண்டின் எந்த நேரத்தில் அடைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடைவெளியில் பிறக்காத தேனீக்கள் அடுத்த தேன் வரத்துக்குக் கிடைக்காது.

அமிலத்தைக் கையாளும்போது கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் வேண்டும். ஆவியாக்கிப் புகைபோட்டால் முகமூடி அமில ஆவியைத் தடுக்கும் வகையாக இருக்க வேண்டும், துணி முகமூடி உதவாது. இதைச் சொல்வதற்கு என் தொண்டை அனுபவம் போதும்.

புகைமூட்டம்

மருந்துப் பட்டைகளைப் பற்றி ஒரு வரி. ஃப்ளூவாலினேட் பட்டையைப் பெட்டியிலேயே மறந்துவிட்டு அடுத்த பருவத்தில் எடுத்தவன் நான். அரைகுறை அளவில் மாதக்கணக்கில் கசிந்தால் எதிர்ப்புச் சக்தி உள்ள உண்ணிகளை நாமே பொறுக்கியெடுத்து வளர்த்ததாகிவிடும். பிறகு அதே மருந்து எனக்கு வேலை செய்யவில்லை.

ஆறு சட்டம்

நான் மருந்தே வேண்டாம் என்று ஆண் தேனீ அடை முறைக்குப் போனேன். ஆண் தேனீயின் கண்ணறை மூடியிருக்கும் காலம் நீளமானது, அதனால் உண்ணி பணித் தேனீப் புழுவைவிட ஆண் புழுவைப் பல மடங்கு விரும்புகிறது. அதற்கென்று ஒரு சட்டம் வைத்து, மூடியவுடன் எடுத்து உறைபெட்டியில் போட்டுவிட வேண்டும். இரண்டு முறை அருமையாக நடந்தது. மூன்றாவது முறை வீட்டில் விசேஷம், போக முடியவில்லை. போய்ப் பார்த்தால் சட்டம் முழுவதும் ஓட்டை, ஆண் தேனீக்கள் பறந்துவிட்டன. உண்ணிக்கு நானே பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருக்கிறேன். நாட்காட்டியில் குறித்துவைக்க முடியாதவர்கள் இந்த முறைக்கு வர வேண்டாம்.

பொந்துத் தேனீ

இங்கே எல்லோரும் இத்தாலியத் தேனீயைப் பற்றியே பேசுவதால் குறுக்கிடுகிறேன். நான் இந்தியத் தேனீ மட்டும் வளர்க்கிறேன். வரோவா அதற்குப் பழைய விருந்தாளி. இந்தியத் தேனீயும் சேர்ந்த ஆசியத் தேனீ இனத்தில் உண்ணி பெரும்பாலும் ஆண் புழுவில்தான் பெருகுகிறது. உண்ணி ஏறிய பணித் தேனீப் புழுவைத் தேனீக்களே அகற்றிவிடுகின்றன. இரண்டும் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் வாழ்கின்றன. அதனால் மேலே சொன்ன அமிலங்களைப் படித்துவிட்டு யாரும் இந்தியத் தேனீப் பெட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தேனீக்குக் கோபம் வந்தால் கொட்டுவதோடு நிற்காது, குடும்பத்தோடு ஓடிப்போய்விடும்.

எங்களை அழித்தது வேறு. தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற, புழுவைக் கொல்லும் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது இதுதான். இதற்கு உண்ணி வேண்டியதில்லை. செத்த புழுவை அப்புறப்படுத்தும் இளம் தேனீ, அதே வாயால் அடுத்த புழுவுக்கு உணவூட்டுகிறது. அவ்வளவு போதும்.

எனக்குத் தெரிந்தவிதம்: மூட வேண்டிய வயதில் சில கண்ணறைகள் திறந்தே இருந்தன. உள்ளே புழு தலையைத் தூக்கியபடி மல்லாந்து கிடந்தது. ஊசியால் மெல்லத் தூக்கினேன், தண்ணீர் நிரம்பிய பைபோலத் தொங்கியது. நாற்றம் இல்லை. அன்றே அந்தப் பெட்டியைத் தனியே வைத்திருக்க வேண்டும். நானோ ஒரு வாரத்துக்கு முன்புதான் அதிலிருந்து இரண்டு புழுச் சட்டங்களை எடுத்து மெலிந்த கூட்டங்களுக்குக் கொடுத்திருந்தேன். பரப்பியது வைரஸ் பாதி, நான் பாதி.

மருந்து கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். நோயுள்ள அடைகளை எடுத்துவிட்டு, இராணியைக் கூண்டில் வைத்துப் புழுவே இல்லாத இடைவெளி கொடுத்தேன். பாதிக் கூட்டங்கள் தப்பின. பக்கத்தில் எல்லாம் நோய் வந்தபோதும் ஒரு கூட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. இப்போது என்னிடம் உள்ள இராணிகள் பெரும்பாலும் அதன் மகள்களும் பேத்திகளும்தான்.

தேனடைத் தம்பி

கேள்வி கேட்டவனே செய்தியும் சொல்கிறேன். எண்ணெய் அட்டை வைத்தேன். மூன்று நாளில் நான்கு பெட்டியிலும் சேர்த்து 61. எங்கள் பக்கம் வந்துவிட்டது.

பன்னிரண்டு பெட்டி

எல்லோருக்கும் நன்றி. மீதிப் பதினொன்றையும் அரைக் கோப்பை வீதம் எண்ணினேன். ஆறு பெட்டிகளில் ஒன்பதுக்குக் கீழே. நான்கில் பன்னிரண்டு முதல் இருபதுவரை. மூன்றாம் எண் பெட்டியில் 44. அதுவும் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா! ஐந்து இராணிகளையும் கூண்டில் அடைத்து, 24 நாள் கழித்து ஆக்ஸாலிக் கொடுத்தேன்.

ஒரு குழப்பம். இப்போது எண்ணினால் உண்ணி ஒன்றோ இரண்டோதான் விழுகிறது. ஆனாலும் மூன்றாம் எண் வாசலில் இறக்கை சுருண்ட தேனீக்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லையா?

எண்ணிப் பார்ப்பவள்

வேலை செய்திருக்கிறது ஐயா. இறக்கையைச் சுருட்டுவது உண்ணி பரப்பும் ஒரு வைரஸ். மருந்து உண்ணிக்குத்தான், அந்த வைரஸுக்கு இல்லை. உண்ணி தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவைச் சேமிப்பதும் நோயோடு போராடுவதும் அந்தத் திசுதான். தின்னும்போதே வைரஸை நேராக உடம்புக்குள் செலுத்திவிடுகிறது. உண்ணி போனாலும் நோய் ஏறிய தேனீக்கள் கூட்டத்தில் இருக்கும். அவை அடுத்த தலைமுறைக்கு உணவூட்டும். இரண்டு தலைமுறை கழிய வேண்டும், ஆறு வாரம் பொறுங்கள். அதற்குள் நல்ல புழு அடை உள்ள சட்டம் ஒன்றை, எண்ணிக்கை குறைவாக இருக்கும் பெட்டியிலிருந்து கொடுத்தால் தாங்கும்.

இன்னொன்று. இறக்கை நேராக இருந்தும் ரோமம் உதிர்ந்து கறுத்துப் பளபளப்பாக, நடுங்கிக்கொண்டு வாசலில் திரியும் தேனீக்கள் தெரிந்தால் அது வேறு வைரஸ், பக்கவாத நோய். அது நெரிசலில் உடம்போடு உடம்பு உரசிப் பரவுவது. அதற்கு உண்ணியை எண்ணிப் பயன் இல்லை, இடம் கொடுங்கள்.

பன்னிரண்டு பெட்டி

நல்ல சட்டத்துக்குப் பதினொன்றாம் எண்ணைத் தேர்ந்தேன். முந்நூறில் ஒன்றே ஒன்று விழுந்த பெட்டி. இத்தனை நாளாக, தேன் குறைவு, சோம்பேறிக் கூட்டம் என்று அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வரும் பருவத்தில் அதிலிருந்துதான் இராணி எடுக்கப்போகிறேன். ஏழாம் எண் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.