இரண்டு முழுநேர வேலை: வரி, பிஎஃப், தூக்கம் பற்றி ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க, ஒரு அமெரிக்க நிறுவனத்தின் இந்தியக் கிளையிலும் முழுநேரமாகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டிலிருந்தேதான். இரண்டு இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. அதனால் ஒளித்துச் செய்யும் வழிகள் வேண்டாம்.

வேலை நியூயார்க் நேரத்தில். கோடையில் அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு மாலை ஆறரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது ஏழரை ஆகிவிட்டது. முடிய அதிகாலை மூன்றரை. எட்டு மணிக்கு அம்மா காபியோடு எழுப்பும்போது கண்ணைத் திறக்கவே முடிவதில்லை.

வரிதான் பெரிய கவலை. இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நிலையான கழிவை (வரி கணக்கிடும் முன் சம்பளத்திலிருந்து கழிக்கும் தொகை) இரண்டு முறை கொடுத்துவிடுவதால் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, குறைவாகவே பிடிபடுகிறது. இரண்டாவது சம்பளத்தையும் முதல் கம்பெனியில் காட்டி மொத்தமாகப் பிடிக்கச் சொல்லலாமா? இல்லை, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியை நானே கட்டுவது நல்லதா?

ஒரே யுஏஎன் எண்ணில் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) இரண்டு நிறுவனமும் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, போடுகிறார்கள். ஒன்றிலிருந்து விலகும்போது சிக்கல் வருமா?

அப்புறம், இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: தூக்கத்தை இரண்டு தவணையாகப் பிரித்தால் உடம்பு தாங்குமா? கடன் முடியும்வரை வேலையை விட முடியாது.